மணி கேட்கும் நர்சம்மா

எங்கள் ஆஸ்பத்திரிக்கு யார் எதற்காக வந்தாலும் நர்சம்மாவின் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு?" நாய் கடித்தாலும் சரி, குழந்தை பொத்தானை விழுங்கினாலும் சரி, படியில் வழுக்கி விழுந்தாலும் சரி. எங்கே, எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். ஒருமுறை பிரசவ வலியோடு வந்த பெண்ணிடமும் பழக்கதோஷத்தில் இதையே கேட்டுவிட்டார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டே, "பத்து மாசம் முன்னாடி, மணி பாக்கல" என்றாள். அன்று முழுக்க நர்சம்மா தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே மருந்து கொடுப்பவன். கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்து மாத்திரைகளை உறையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு கட்டில், ஒரு டாக்டர், ஓர் ஆம்புலன்ஸ். சுவரில் பாதி பச்சை, பாதி வெள்ளை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் ஆற்றைக் கடந்து ஒன்றரை மணி நேரம். ஆற்றுப் பாலமோ தாழ்வானது. நல்ல மழை பிடித்தால் தண்ணீருக்கு அடியில் போய்விடும்.

நர்சம்மா அதிக உயரமில்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நாடி பிடிக்கும்போது முள் கண்ணெதிரே இருக்கும். லாரி மெக்கானிக் ஒருவரின் ஐந்து பெண்களில் மூன்றாவது. படிக்கிற காலத்தில் தங்கைகளுக்கு அடிபட்டால் கட்டுப்போடுவது அவர் வேலை. அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாராம். வீட்டுக்காரர் கடைத்தெருவில் தையல்காரர். சாந்தமான மனுஷர். மனைவி வாயைத் திறந்தால் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, பேச முடியாது என்று ஜாடை காட்டுவார்.

பாம்பென்றால் நர்சம்மாவுக்கு உயிரே போய்விடும். படத்தில் பார்த்தாலும் ஆகாது. விஷப்பாம்புகள் அச்சடித்த பெரிய தாள் ஒன்று மேலிடத்திலிருந்து வந்தது, சுவரில் ஒட்டினோம். மறுநாள் பார்த்தால், பாம்புகள் இருந்த மேல்பாதியை மறைத்துத் தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருக்கிறது. கடிபட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லும் கீழ்ப்பாதி மட்டும் வெளியே தெரிந்தது.

"என்ன சிஸ்டர் இது?" என்று கேட்டேன்.

"பாம்பப் பாத்து நாம என்ன பண்ணப் போறோம்? கடிபட்டவரப் பாத்தா போதும்" என்றார்.

அப்படிப்பட்டவர், பாம்புக்கடிக்கும் விஷத்துக்கும் இவ்வளவு தூரம் மெனக்கெட்டதற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடப் பெண்.

ஒன்பது வருஷம் முன்பு. அப்போதிருந்த டாக்டர் அன்று விடுப்பில் இருந்தார். காலை ஏழு மணிக்குப் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். விடிகாலையிலிருந்து வயிற்றுவலி, ஒரு தடவை வாந்தி. தொண்டை வேறு வலிக்கிறது என்றாள். நர்சம்மா நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயுவுக்கு மருந்து கொடுத்தார். கிளம்பும்போது அந்தப் பெண், "அக்கா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். வாந்தி எடுத்த சோர்வாக இருக்கும் என்று நினைத்து, வீட்டில் படுக்க வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். பத்து மணிக்குள் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மறுபடி தூக்கிக்கொண்டு ஓடி வருகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள், அவள் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த பெட்டியை நகர்த்தியபோது பின்னால் கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது.

யாரும் நர்சம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. உடம்பில் கடித்த அடையாளமே இல்லையே, யாருக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய், தாயின் எதிரே உட்கார்ந்து, "உங்க பொண்ணு என்கிட்ட சொன்னா. நான்தான் காதுல வாங்கல" என்றாராம். அந்தத் தாய் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம். இதை என்னிடம் சொன்னவர் தையல்காரர். நர்சம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் விஷப் பிரிவுக்குப் போனார். சம்பளமில்லாத உதவியாளாக, கட்டில் கட்டிலாக நின்றார். பூச்சிமருந்து குடித்தவர், மாத்திரையை அள்ளி விழுங்கியவர், விஷக்கிழங்கைத் தெரியாமல் தின்றவர், பாம்பு கடித்தவர் என்று ஒவ்வொருவரின் கண்ணையும் வாயையும் மூச்சையும் பார்த்தார். கோடு போட்ட நோட்டு ஒன்று நிரம்பியது. திரும்பி வந்ததும் அதை என்னிடம் காட்டினார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'நோயாளி சொல்வதை முதலில் எழுது, நீ நினைப்பதை அப்புறம் எழுது.'

வந்த வேகத்தில் எங்களையும் படுத்தி எடுத்துவிட்டார். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் நிறுத்தி வைத்து, சரியாக இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. மேலிடத்துக் கிடங்கிலிருந்து பிளாஸ்டிக்கே வந்துகொண்டிருந்தது. மூன்று முறை திருப்பி அனுப்பினார். நாலாவது முறை தானே பஸ் ஏறிப் போய், கிடங்கு அதிகாரியின் மேஜைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சாயங்காலம் இரண்டு டஜன் கண்ணாடிக் குழாய்களோடு வந்து இறங்கினார். தையல்காரர் அவற்றுக்கு அளவெடுத்து, பன்னிரண்டு பை வைத்த துணி உறை இரண்டு தைத்துக் கொடுத்தார்.

ஒருநாள் காலில் கடிபட்ட ஒருவரைக் கூட்டாளிகள் தூக்கி வந்தார்கள். கணுக்காலுக்கு மேலே நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கால் நீலம் பாரித்திருந்தது. கூடவே மூடிபோட்ட பெயின்ட் வாளி ஒன்றையும் கொண்டுவந்து நர்சம்மாவின் மேஜையில் வைத்தார்கள்.

"இது என்ன?" என்று கேட்டார் நர்சம்மா.

"கடிச்ச ஆளுதாங்க. நீங்க அடையாளம் பாப்பீங்கன்னு உயிரோடயே புடிச்சிட்டு வந்தோம்."

வாளியின் மூடி லேசாக அசைந்தது. அடுத்த நொடி நர்சம்மா முக்காலியின் மேல். அங்கிருந்து மருந்து மேஜையின் மேல். அந்த உயரத்தில் நின்றபடியே குரல் மாறாமல் வேலை வாங்கினார். "மொதல்ல வாளிய வெளிய கொண்டு போங்க. மூடி மேல கல்லு வைங்க. கயித்த யாரும் அவுக்காதீங்க, மருந்து ஏற ஆரம்பிச்சதும் நான் மெதுவாத் தளத்தறேன். கால ஆட்டாதீங்க, பலகை வச்சுக் கட்டுங்க. மெட்டிய, செருப்ப எல்லாம் கழட்டுங்க."

"ஆம்பளைக்கு ஏதும்மா மெட்டி" என்றார் வலியோடு படுத்திருந்தவர்.

"பேசறாரு. மூச்சு நல்லா இருக்கு. எத்தனை மணிக்குக் கடிச்சது?" என்றார் நர்சம்மா, மேஜையிலிருந்து இறங்காமலே.

அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். பாம்பைப் பிடிக்கப் போய் இன்னொரு ஆள் கடி வாங்கக்கூடாது என்று அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், செங்கல் சூளை, சந்தை என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சொன்னார். கீறாதே, உறிஞ்சாதே, கட்டாதே, ஓடாதே, நேரே இங்கே வா. சொல்லிச் சொல்லி, அவர் தெருவில் வந்தாலே பிள்ளைகள் இதை ஒப்பிக்கத் தொடங்கிவிடும்.

போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மூன்றாவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காலை ஆறே முக்கால் இருக்கும். பால் வண்டி ஒன்று வாசல்வரை ஏறி வந்து நின்றது. பால் கேன்களுக்கு நடுவே ஒரு மனிதர் துவண்டு கிடந்தார். உரமும் பூச்சிமருந்தும் அடுக்கி வைக்கும் குடோனைப் பார்த்துக்கொள்பவர். எல்லோரும் குடோன்காரர் என்றே கூப்பிடுவோம். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கூடவே நனைந்த தலையோடு அவர் மனைவி, மனைவியின் தம்பி.

டாக்டர் கட்டிலுக்கு வந்ததும் மச்சான்காரன் அவர் காதோரம் குனிந்தான். "டாக்டர், நேத்து சாயங்காலம் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. வீடு ஒழுகுது, ஓடு மாத்தலன்னு. கோவிச்சுக்கிட்டுப் போய் குடோன்லயே படுத்துட்டாரு. காலையில பால்காரர்தான் முனகல் சத்தம் கேட்டுப் பாத்திருக்காரு. அங்க இருக்கறது பூரா பூச்சிமருந்து. வேற என்ன சொல்ல?"

மெதுவாகச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. அறை முழுக்கக் கேட்டது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சொன்னேன். உங்க மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னு நான்தான் சொன்னேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் டாக்டர் நாற்பது வயதுக்காரர், நிதானமானவர், நல்ல கைராசி உள்ளவர். பூச்சிமருந்துக்கு முறிவாகிற அட்ரோபின் ஊசியை எடுக்கச் சொன்னார். துணியைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். பூச்சிமருந்து குடோன், முந்தின நாள் சண்டை, வாயில் எச்சில், பேச முடியாத நிலைமை. என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நர்சம்மா கையுறை மாட்டிக்கொண்டு சட்டையைக் கழற்றினார். பாதியில் நிறுத்தி, அந்த ஆளின் வாய்க்கு அருகே மூக்கைக் கொண்டுபோனார். பிறகு சட்டையை முகர்ந்தார். டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்தார்.

"டாக்டர், கண்மணி சின்னதா இல்ல. மருந்து குடிச்சிருந்தா இந்நேரம் ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கணும்."

டாக்டர் குனிந்து பார்த்தார்.

"வேர்வை இல்ல, வாடை இல்ல. நெஞ்சக் கேட்டுப் பாருங்க."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "நெஞ்சு சுத்தமாத்தான் இருக்கு. ஆனா எச்சில் வழியுதே?"

"ஊறி வழியல டாக்டர். முழுங்க முடியாம வழியுது" என்ற நர்சம்மா, படுத்திருந்தவரின் முகத்துக்கு நேரே குனிந்தார். "அண்ணா, மேல பாருங்க. கண்ண நல்லாத் தொறங்க."

அவர் முயன்றார். நெற்றி சுருங்கியது, புருவம் மேலே போனது, இமை மட்டும் பாதிக் கண்ணை மூடியபடியே கிடந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். பல்லைத் தாண்டி வரவில்லை.

நர்சம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கேக்கறதுக்கு ஆமான்னா ஒரு தரம் அழுத்துங்க. இல்லன்னா ரெண்டு தரம். மருந்து எதாவது குடிச்சீங்களா?"

இரண்டு தரம்.

"தரையிலயா படுத்தீங்க?"

ஒரு தரம்.

"வயித்து வலியிலதான் முழிச்சீங்களா?"

ஒரு தரம்.

"எத்தனை மணிக்கு? மணிக்கு ஒரு அழுத்து."

நாலு தரம் அழுத்தினார். நாலாவது அழுத்தில் பலமே இல்லை.

நர்சம்மா நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "கட்டுவிரியன், டாக்டர்."

தலையிலிருந்து கால்வரை மூன்று பேர் தேடினோம். சிராய்ப்புகூட இல்லை. "கடிவாய் எங்க சிஸ்டர்?" என்றார் டாக்டர்.

"இருக்காது. அதோட பல்லு அவ்வளவு சின்னது. தூங்கறவனுக்குக் கடிச்சதே தெரியாது."

"நீங்க நினைக்கறது தப்பா இருந்தா?"

"நான் தப்பா இருந்தா, விஷமுறிவு மருந்து ஒத்துக்காம தடிப்பு வரும், மூச்சு எளைக்கும். அதுக்கு ஊசி தயாரா வச்சிருக்கேன். நீங்க தப்பா இருந்தா, இன்னும் ஒரு மணி நேரத்துல இவருக்கு மூச்சே இருக்காது."

டாக்டர் ஒரு நிமிஷம் அந்தப் பாதி மூடிய கண்களைப் பார்த்தார். "ஏத்துங்க" என்றார்.

பத்து புட்டி விஷமுறிவு மருந்து. தூளாக இருக்கும், தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். அது என் வேலை. அவசரத்தில் புட்டியைக் குலுக்கிவிட்டேன். "குலுக்காதீங்க, நுரை வரும். உள்ளங்கையில வச்சு உருட்டுங்க" என்றார் நர்சம்மா, முதுகைக் காட்டியபடியே. பின்னாலும் கண் இருக்கிறதா என்று தோன்றியது.

இதற்குள் ஆம்புலன்ஸ் டிரைவர் மச்சான்காரனைக் கூட்டிக்கொண்டு குடோனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எதையும் அடிக்கவோ பிடிக்கவோ கூடாது, தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார் நர்சம்மா. டிரைவர் செல்போனில் எடுத்த படத்தை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மருந்துக்காரரே, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். கோணிகளுக்கு நடுவே பளபளவென்று கறுத்த உடம்பு. குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், இரண்டிரண்டாக.

"அதுதான்" என்றேன்.

நர்சம்மா தரையில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போனார். "எழுந்திரிம்மா. உன் வீட்டுக்காரர் ஒண்ணும் குடிக்கல. அவரே என் கையில சொன்னாரு. பாம்பு கடிச்சிருக்கு. நீ காரணமில்ல."

அவள் நர்சம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஏழே முக்காலுக்கு மூச்சு மேலோட்டமாகிவிட்டது. நெஞ்சு அசைவதே தெரியவில்லை. டாக்டர் தொண்டையில் குழாய் போட வேண்டியிருந்தது. கடைசியாக அவர் அதைச் செய்து இரண்டு வருஷமாகியிருந்தது. முதல் முயற்சியில் இறங்கவில்லை. இரண்டாவதில் இறங்கியது. குழாயோடு காற்றுப்பையை மாட்டி அழுத்தினார். நெஞ்சு எழும்பி இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். சுவாச இயந்திரம் தயாராக வைக்கிறோம், கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் உள்ளே வந்து தலையை ஆட்டினார். "பாலம் முங்கிடுச்சு. நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணி."

எங்களிடம் இயந்திரம் கிடையாது. பையைக் கையால்தான் அழுத்த வேண்டும், தண்ணீர் வடிகிறவரைக்கும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அழுத்து. விடு. இதுதான் கணக்கு. அவசரப்பட்டாலும் ஆபத்து, தூங்கினாலும் ஆபத்து" என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார் நர்சம்மா. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். டாக்டர், டிரைவர், நான், பால்காரர், மச்சான்காரன். பால்காரர் அன்றைய பாலை எங்கள் வாசலிலேயே விற்றுத் தீர்த்துவிட்டு வந்து முறைக்கு உட்கார்ந்தார். மாடு கறக்கிற கை, தாளம் தப்பவே இல்லை. மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் அழுத்தலாமா?" என்று கேட்டாள். நர்சம்மா முக்காலியை இழுத்துப் போட்டார்.

பதினோரு மணிக்கு எல்லாம் கைவிட்டுப் போகிற மாதிரி ஆனது. கண்மணி அகல விரிந்து நின்றுவிட்டது. டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. கிள்ளினாலும் அசைவில்லை. டாக்டர் என்னை ஜன்னலோரம் கூட்டிப்போய், "மூளை போயிடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார். எனக்கும் அதே பயம். மச்சான்காரன் சுவரில் சாய்ந்துகொண்டு, "மாமாவோட பைக்க ஓட்ட அக்காவுக்குத் தெரியாது. இனிமே அத நான்தான் எடுத்துப் பாத்துக்கணும்" என்று பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நர்சம்மா திரும்பினார். "பேச்ச அளந்து பேசுங்க தம்பி. அவர் கேட்டுக்கிட்டிருக்காரு."

அறையில் எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தோம்.

அவர் கட்டில் ஓரம் குனிந்தார். "அண்ணா, நர்சம்மா பேசறேன். இப்ப மணி பதினொண்ணு இருபது. விஷத்தால உங்களுக்கு உடம்பு அசையாது, கண்ணு தொறக்காது. உங்க மூள நல்லா இருக்கு. காத்த நாங்க குடுத்துக்கிட்டே இருப்போம், நிறுத்த மாட்டோம். மழை கொறைஞ்சிருக்கு. இப்ப பையப் புடிச்சிருக்கறது உங்க வீட்டுக்காரம்மா."

கண் காய்ந்துவிடாமல் ஈரத்துணி வைத்து இமைகளை மூடினார். பிறகு காலடிக்கு வந்து போர்வையை விலக்கினார். "இடது கால் கட்டைவிரல அசைக்கப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டாக்டர் வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்தக் கட்டைவிரல், எறும்பு ஊர்ந்தால் புல் அசைகிற அளவுக்கு, ஒரே ஒரு தரம் அசைந்தது.

"இன்னொரு தரம்" என்றார் நர்சம்மா.

அசைந்தது.

டாக்டர் வந்து, மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, தன் முறை இல்லாவிட்டாலும் உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்தார். அதன்பிறகு எங்கள் கைக்கு வலியே தெரியவில்லை. அரைமணிக்கு ஒரு தரம் நர்சம்மா குடோன்காரரின் காதில் மணி சொன்னார். மழை நின்றதைச் சொன்னார், வெயில் எட்டிப் பார்த்ததைச் சொன்னார், தண்ணீர் ஒரு முழம் இறங்கியதைச் சொன்னார். மனைவியும் தன் பங்குக்குப் பேசினாள். "எழுந்து வந்துடுங்க. வீட்டு ஓட்ட நானே மேல ஏறி மாத்திக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மூன்று மணிக்கு, சாலை போடுகிறவர்களின் பெரிய லாரி ஒன்று பாலத்தில் ஏறலாம் என்று தகவல் வந்தது. அவரைக் கட்டிலோடு லாரியில் ஏற்றினோம். நர்சம்மா தலைமாட்டில் பையோடு, நான் பக்கத்தில். பாலத்தின் நடுவில் தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தாண்டியது. லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "நிறுத்தவா?" என்று கத்தினார்.

"நிறுத்தாதீங்க. நீங்க ஓட்டுங்க, நான் அழுத்தறேன்" என்றார் நர்சம்மா. நீச்சல் தெரியாத மனுஷி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரியின் வண்டி காத்திருந்தது. ஐந்து மணிக்கு இயந்திரத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டர் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபோது நர்சம்மாவின் விரல்கள் விரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

நாலாம் நாள் குடோன்காரரின் விரல்கள் அசைந்தன. ஐந்தாம் நாள் கண் திறந்தது. ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். தொண்டை கரகரக்க அவர் பேசிய முதல் வார்த்தை மச்சான்காரனிடம். "பைக் சாவி எங்கடா?"

அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்துக் கட்டிலில் வைத்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள்வரை சிரித்தார்கள்.

பிறகு மனைவியைப் பார்த்து, "நீயே ஏறி ஓடு மாத்தறேன்னு சொன்ன. எல்லாம் கேட்டுச்சு" என்றார்.

"கேட்டுச்சில்ல? அப்போ அதுக்கு முன்னாடி உங்களத் திட்டினதும் கேட்டிருக்கும்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நர்சம்மாவிடம் அவர் வேறு விதமாகப் பேசினார். "ஒரே இருட்டு சிஸ்டர். கத்தணும்னு தோணுது, வாய் இல்ல. பொழைக்க மாட்டேன்னு பேசிக்கறாங்க, கேக்குது. நீங்க வந்து மணி சொல்லுவீங்க. சரி, இன்னொரு அரைமணி பாக்கலாம்னு நினைச்சுக்குவேன். அப்படியே அரைமணி அரைமணியா வந்துட்டேன்."

நர்சம்மா அவர் கையைப் பிடித்து நாடி பார்க்கிற சாக்கில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நடந்ததை நாலு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். 'நான் தவறாக நினைத்தேன். செவிலியர் சரியாகச் சொன்னார்' என்ற வரியை என்னிடம் காட்டி, எழுத்துப்பிழை இருக்கிறதா பார்க்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் எங்களுக்குக் கையடக்கமான சுவாச இயந்திரம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை பதினோரு பேர் பாம்புக்கடியோடு வந்திருக்கிறார்கள். பதினோரு பேரும் வீட்டுக்கு நடந்து போனார்கள்.

குடோன்காரர் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நேரே உள்ளே வந்திருக்கலாம், வரவில்லை. எல்லோரையும் போலச் சீட்டு வாங்கிக்கொண்டு, நாற்பது பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் நர்சம்மா சீட்டைப் பார்த்து, "என்ன தொந்தரவு?" என்று கேட்டார்.

"ஒரு தொந்தரவும் இல்ல சிஸ்டர். மூச்சு விட்டுக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்படியே நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய இழுத்து, மெதுவாக விட்டார். டாக்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து நின்று பார்த்தார். நான் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து பார்த்தேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தரம்" என்றார் நர்சம்மா. அவர் இன்னொரு தரம் இழுத்து விட்டார்.